தரங்கம்பாடி மிஷன் பள்ளிகளின் பாடத்திட்டம்

தரங்கம்பாடி மிஷன் பள்ளிகளின் பாடத்திட்டம் (1707-1845): டேனிஷ்-ஹாலே மிஷன் தரங்கம்பாடியில் நடத்திய பள்ளிகளிலும் செமினரியிலும் கற்பிக்கப்பட்ட பாடங்கள், அவற்றின் நேர ஒழுங்கு, அவற்றில் நிகழ்ந்த மாற்றங்கள் ஆகியவற்றின் வரலாறு. திண்ணைப்பள்ளியின் மணல், ஓலை, எண்சுவடி, நீதிநூல்கள் ஒரு பக்கமும் ஜெர்மானியப் பள்ளியின் மணிக்கணக்கு, ஞானோபதேசம், இயற்கை அறிவியல் மறுபக்கமும் ஒரே நாளுக்குள் இடம் தேடிக்கொண்ட களம் இது. எதற்கு எத்தனை நேரம், எந்த மொழியில், யாருடைய பிள்ளைகளுக்கு என்ற கேள்விகள் இங்கே ஒவ்வொரு தலைமுறையிலும் மீண்டும் எழுந்தன.

பின்னணி

தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மூலம் தரங்கம்பாடி டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பலமொழிகள் புழங்கும் சிறிய துறைமுகமாக இருந்தது. கடைவீதியில் தமிழ், துறையில் போர்த்துகீசியம், கோட்டைக்குள் டேனிஷும் ஜெர்மனும் பேசப்பட்டன.

டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றிக் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்திறங்கினர். இருவரும் ஜெர்மானியர். ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1695 முதல் வளர்த்தெடுத்த கல்வி நிலையங்களின் செல்வாக்கில் உருவானவர்கள். ஃபிராங்கேயின் பள்ளிகளில் நாள் முழுவதும் மணி மணியாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஜெபத்துக்கும் பாடத்துக்கும் கைத்தொழிலுக்கும் தனித்தனி நேரம் உண்டு. இயற்கைப் பொருட்களைச் சேகரித்து வைத்த காட்சியறையும் அங்கே இருந்தது. தரங்கம்பாடிக்கு வந்த கல்விமுறையின் ஒரு வேர் அது.

மற்ற வேர் தரங்கம்பாடியிலேயே இருந்தது. மொழி கற்பதில் இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டனர். புளூட்சோ போர்த்துகீசியத்தை எடுத்துக்கொள்ள, சீகன்பால்க் தமிழை எடுத்துக்கொண்டார். முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, அவருடைய பள்ளியைத் தன் வீட்டுக்கே வரவழைத்தார். சிறுவர்களுடன் தரையில் அமர்ந்து மணலில் விரலால் உயிரெழுத்துகளை எழுதிப் பழகினார். மிஷன் பள்ளிகளுக்கெல்லாம் முன்னோடியான வகுப்பில் மிஷனரி மாணவராகவும் தமிழர் ஆசிரியராகவும் இருந்தனர். பின்னாளில் பாடத்திட்டம் எத்தனை முறை மாறியபோதும் இந்தத் தொடக்கத்தின் தடம் அதில் எஞ்சியிருந்தது.

திண்ணைப்பள்ளிப் பாடங்கள்

அக்காலத் தஞ்சைப் பகுதியின் பள்ளிப் படிப்பு அரிச்சுவடியில் தொடங்கும். எழுத்து மணலில் பழகி ஓலைக்குப் போகும். கூடவே எண்சுவடி மனப்பாடம். முந்திரி என்னும் 320-ல் ஒரு பங்கு, காணி என்னும் 80-ல் ஒரு பங்கு, மா என்னும் 20-ல் ஒரு பங்கு எனக் கீழ்வாயிலக்க வாய்பாடுகள் நாவில் ஏறியாக வேண்டும். நெல் விளையும் காவிரிப் படுகையில் இது வெறும் மூளைப்பயிற்சி அன்று. நிலம் வேலியாகவும் மாவாகவும் குழியாகவும் அளக்கப்பட்டது. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. வாரம் பிரிக்கவும் வரிக்கணக்கு எழுதவும் பின்னக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி போன்றவை ஒழுக்கப் பாடங்கள். மேலே செல்பவர்களுக்கு நிகண்டும் இலக்கியங்களும் உண்டு.

பள்ளி விடியலில் கூடும். அமாவாசை, பௌர்ணமி போன்ற திதிகளை ஒட்டி விடுமுறை வரும். வருகைக்கும் ஒழுங்கு இருந்தது. சென்னை மாகாணத்தின் வேறொரு மூலையான பெல்லாரியில் கலெக்டராக இருந்த காம்ப்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில் அதன் காட்சி ஒன்று உள்ளது. காலை ஆறு மணிக்கு முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி. அதற்கடுத்து வருபவர்களுக்கு வரிசைக்கு ஏற்பப் பிரம்படி கூடிக்கொண்டே போகும். தாமதத்துக்கு இத்தனை துல்லியமான தண்டனை அட்டவணையை எந்த நவீனப் பள்ளியும் வகுத்ததில்லை.

முதல் கால அட்டவணை

1707-ல் மிஷனின் பள்ளிகள் தொடங்கின. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒன்று, போர்த்துகீசியம் பேசும் பிள்ளைகளுக்கு மற்றொன்று என மொழிவாரியாக அவை பிரிந்தன. பெண் குழந்தைகளுக்கான பள்ளியும் அதே ஆண்டில் தொடங்கியது. இவை தர்மப் பள்ளிகள். உணவும் உடையும் மிஷன் செலவு. ஆகவே பெரும்பாலும் கிறிஸ்தவர்களின் பிள்ளைகளும் ஆதரவற்ற பிள்ளைகளும் மட்டுமே அவற்றில் பயின்றனர்.

நாள் காலை ஜெபத்தில் தொடங்கியது. அடுத்து ஞானோபதேசம். அதன்பின் வாசிப்பும் எழுத்தும். சிறுவர்கள் கணக்கும் செய்யுளும் பயின்ற நேரத்தில் சிறுமிகள் நூல் நூற்றலும் பின்னலும் பயின்றனர். ஹாலேயின் மணிக்கணக்கு இங்கே வந்துவிட்டது. திதி பார்த்து வந்த விடுமுறையின் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆனால் எழுதும் பொருள் மணலும் ஓலையுமாகவே நீடித்தது. காகிதம் கப்பலில் வர வேண்டிய அரிய பண்டமாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

பெண் குழந்தைகளுக்கு எழுத்து கற்பித்ததே பெரிய மாற்றம். அக்காலத்தில் பொதுவாக எழுத்தறிந்த பெண்கள் கோயில் பணிசெய்த தேவதாசிகளே. குடும்பப் பெண்ணின் கையில் எழுத்தாணி இருப்பதை ஊர் இயல்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறுமிகளின் அட்டவணையில் நூற்பும் பின்னலும் பெற்ற பெரிய இடம் ஹாலேயின் வழக்கம்தான் என்றாலும், இந்த ஊரில் அது எழுத்துக்குத் துணையாக நின்ற ஒரு சமாதானமும்கூட.

1708-ல் சீகன்பால்க் தான் திரட்டிய தமிழ்ச் சுவடிகளின் பட்டியலை எழுதினார். நூறுக்கும் மேற்பட்ட நூல்களின் குறிப்புகள் அதில் உள்ளன. அச்சுவடிகள் பலவற்றைத் தேடித் தந்தவர் முதிய ஆசிரியரின் மகன் கணபதி வாத்தியார். செய்யுள் வல்லவரான அவர் மிஷன் பள்ளியிலும் கற்பித்தார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் சீகன்பால்க் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். மூன்றும் நீதிநூல்கள் என்பது தற்செயலானதல்ல. தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை நல்லொழுக்கத்தை எந்தச் சொற்களில் கற்கிறது என்று அறிய விரும்பியவர் எடுக்க வேண்டிய நூல்கள் அவை.

இந்த ஆர்வத்தை ஹாலே ரசிக்கவில்லை. புறச்சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர்கள் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்பக் கூடாது என்பது ஃபிராங்கேயின் எண்ணம். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் சீகன்பால்க் எழுதி முடித்த நூல் 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. உள்ளூரிலும் அவருக்கு எதிர்ப்பு இருந்தது. டேனிஷ் கமாண்டர் ஹாசியஸ் அவரை 1708 இறுதியிலிருந்து நான்கு மாதங்கள் சிறையில் வைத்தார்.

அச்சும் செமினரியும்

1712-ல் லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. அடுத்த ஆண்டு ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியவை. காகிதத்தைத் தின்றன. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளின் ஈய உறைகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகியது. அருகிலுள்ள பொறையாறில் ஒரு காகித ஆலையும் முயன்று பார்க்கப்பட்டது. நெடுநாள் நீடிக்கவில்லை.

அச்சு வந்ததும் பள்ளி அட்டவணையில் வாசிப்பு நேரத்தின் தன்மை மாறியது. ஓலைச்சுவடியில் ஆசிரியர் சொல்ல மாணவர்கள் கூடிச் சொல்வது வழக்கம். இப்போது பலர் கையில் ஒரே பக்கம். ஆனால் அச்சில் வந்தவை மிஷனின் நூல்கள் மட்டுமே. ஔவையும் எண்சுவடியும் ஓலையிலேயே தங்கின. இந்தப் பிரிவு அன்று சிறியதாகத் தெரிந்திருக்கும். பின்னர் எது ‘பாடம்’, எது ‘உள்ளூர் வழக்கம்’ என்ற வேறுபாடு இதிலிருந்தே வளர்ந்தது.

1716-ல் எட்டு மாணவர்களுடன் செமினரி தொடங்கியது. உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்குவது அதன் நோக்கம். சீகன்பால்க் 1719-ல் தன் 36-ஆம் வயதில் மறைந்தார். கடலூரில் பிறந்த ஆறுமுகம் மிஷனில் சேர்ந்து ஆரோன் ஆனார். உபதேசியாராகப் பணியாற்றிய அவர் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் குரு அவரே. அதன்பின் அரை நூற்றாண்டுக்குப் பாடத்திட்டத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை.

ஜானின் காலம்

1771-ல் தரங்கம்பாடிக்கு வந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் (1747-1813) அறிவியக்கக் காலத்து ஜெர்மனியின் பிள்ளை. அவர் வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் மிஷனின் மருத்துவராக வந்து செடிகளைத் திரட்டத் தொடங்கியிருந்தார். 1776-ல் வந்த யோஹான் பீட்டர் ராட்லரும் தாவரவியலில் தேர்ந்தவர். ஊரைச் சுற்றிய வயல்வரப்பும் உப்பங்கழியும் கடற்கரையும் இவர்களுக்குப் பாடநூலாயின. ஜான் சிப்பிகளையும் மீன்களையும் பாம்புகளையும் பதப்படுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பெர்லின் மீனியல் அறிஞர் பிளாக் 1793-ல் கத்தாளை மீன்களின் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயரிட்டார். இருதலை மணியன் எனப்படும் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரான எரிக்ஸ் ஜானி என்பதிலும் இருப்பவர் இந்தத் தரங்கம்பாடிப் பாதிரியார்தான்.

மீனும் பாம்பும் பாடத்திட்டத்தோடு தொடர்புடையவை. வேதாகமமும் ஞானோபதேசமும் அச்சாகயிருந்த படிப்பில் பூகோளமும் வானியலும் உடற்கூறும் இயற்கை வரலாறும் நுழைந்தது இந்தத் தலைமுறையில்தான். ஐரோப்பியப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றையும் ஜான் நடத்தினார். இதே காலத்தில் தஞ்சையில் கிறிஸ்டியன் ஃபிரடெரிக் ஸ்வார்ட்ஸ், ரெசிடென்ட் ஜான் சல்லிவனின் திட்டப்படி, 1785 முதல் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகளைத் தொடங்கினார். ஸ்வார்ட்ஸின் பள்ளிகள் ஆங்கிலத்தை நோக்கிச் சென்றன. தரங்கம்பாடியில் ஜான் தமிழையும் விடாமல் வைத்துக்கொள்ள முயன்றார்.

அவர் ஔவையாரின் வாழ்வையும் நூல்களையும் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரை ஏஷியாடிக் ரிசர்ச்சஸ் இதழின் ஏழாம் தொகுதியில் வெளிவந்தது. ஆத்திசூடி, கொன்றை வேந்தன் ஆகியவற்றின் மொழிபெயர்ப்புகள் அதில் உள்ளன. சீகன்பால்க் ஜெர்மனில் பெயர்த்த அதே பள்ளிப்பாடம் ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து ஆங்கிலத்திலும் வந்தது. ஜானின் சகாவான ஆகஸ்ட் ஃபிரடெரிக் காமெரர் 1803-ல் திருக்குறளின் ஒரு பகுதியை ஜெர்மனில் வெளியிட்டார்.

மணலெழுத்தும் இக்காலத்தில் கடல் கடந்தது. சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். பெரிய மாணவன் சிறிய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை அதோடு இணைத்து 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் பரவியது. 1706-ல் சீகன்பால்க் விரலால் கீறிய அதே மணல்தான்.

வேதநாயகம் சாஸ்திரியார்

புதிய பாடங்கள் ஒரு தமிழ் மாணவனுக்குள் என்ன ஆயின என்பதற்கு வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) சிறந்த சான்று. திருநெல்வேலியில் பிறந்த அவரை ஸ்வார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்துவந்தார். பின்னர் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டு ஜான், காமெரர் ஆகியோரிடம் இறையியலுடன் வானியல், உடற்கூறு, கணிதமும் பயின்றார். இருபது வயதுக்குள் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார்.

1800-ல் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் இந்தப் பாடங்கள் செய்யுளாக மாறின. குறவஞ்சி என்னும் சிற்றிலக்கியத்தின் உறுப்புகளை விடாமல் பின்பற்றிய நூல் அது. குறத்தி தான் சுற்றிய நாடுகளைச் சொல்லும் இடத்தில் உலகப் பூகோளம் வருகிறது. கோள்களின் இயக்கம் கோப்பர்னிக்கஸின் முறைப்படி வருகிறது. ஐரோப்பிய வானியல் தமிழில் பாடநூலாக வருவதற்கு முன் பாட்டாக வந்துவிட்டது. செய்யுளும் கணக்கும் ஒரே அட்டவணையில் இருந்த பள்ளிமரபு இல்லையென்றால் இப்படி ஒரு நூல் எழ வாய்ப்பில்லை. மிஷன் பாடத்திட்டத்தின் தரத்தை அளக்க அறிக்கைகளைவிட இந்த நூல் உதவும்.

ஸ்வார்ட்ஸின் வளர்ப்பில் அதே தஞ்சையில் கல்வி பெற்ற இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798-1832) அரண்மனையில் நவவித்யா கலாநிதி சாலையை அமைத்து, பல மொழிகளும் புதிய அறிவுத்துறைகளும் பயிலச் செய்தார்.

இருபது பள்ளிகள்

1808-ல் நெப்போலியப் போர்களின் தொடர்ச்சியாகப் பிரிட்டிஷார் தரங்கம்பாடியைக் கைப்பற்றினர். 1815 வரை ஊர் அவர்கள் வசம் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் பணம் தடைப்பட்டது. ஜான் அறுபதைக் கடந்திருந்தார். மிஷன் சுருங்க வேண்டிய அந்த நேரத்தில்தான் அவர் தன் வாழ்நாளின் பெரிய மாற்றத்தைச் செய்தார்.

தர்மப் பள்ளிகளை அவர் போதுமானதாகக் கருதவில்லை. சோறும் துணியும் தந்து சில பிள்ளைகளை மட்டும் படிக்கவைப்பதற்குப் பதிலாக, ஊர் ஊராகத் திறந்த பள்ளிகளை நடத்தலாம், உள்ளூர் ஆசிரியர்களைக் கொண்டே கற்பிக்கலாம், கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களின் பிள்ளைகளையும் சேர்க்கலாம் என்பது அவர் திட்டம். இரண்டே ஆண்டுகளில் பதினைந்து தமிழ்ப் பள்ளிகளும் ஐந்து ஆங்கில-தமிழ்ப் பள்ளிகளும் உருவாயின. இந்த முயற்சியை விவரிக்கும் அவரது அறிக்கை 1813-ல் லண்டனில் நூலாக வெளிவந்தது. அதே ஆண்டில் ஜான் இறந்தார்.

இதில் பணயம் வைக்கப்பட்டது பெரியது. மதம் மாறாத பிள்ளைக்கும் கல்வி உண்டு என்றால் மிஷன் பள்ளியின் நோக்கம் என்ன என்ற கேள்வி எழும். சீகன்பால்கின் காலத்தில் ஹாலே கேட்ட அதே கேள்வியின் மறுவடிவம் அது. தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஆங்கிலப் பள்ளிகளுக்கும் ஜான் வைத்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதமும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலம் மேலே செல்பவர்களுக்கு, தமிழ் எல்லோருக்கும் என்ற அந்தக் கணக்கு தமிழகத்தில் பிறகு வெகுகாலம் மறக்கப்பட்டிருந்தது.

1814-ல் சர்ச் மிஷனரி சொசைட்டி அனுப்பிய ஸ்நாரேயும் சார்லஸ் ரேனியஸும் தரங்கம்பாடிக்கு வந்தனர். ரேனியஸ் விரைவில் சென்னைக்குச் செல்ல, ஜானின் பள்ளிகளை ஸ்நாரே கவனித்தார். ஆனால் மையம் நகர்ந்துவிட்டது. 1837-ல் காமெரரும் மறைந்தபோது பழைய மிஷன் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது.

டேனிஷ்காரர்களின் மற்றொரு இந்தியக் குடியேற்றமான வங்காளத்தின் ஸெராம்பூரில் நடந்தது நேரெதிர். வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் 1818-ல் அங்கே ஒரு கல்லூரி தொடங்கினர். எல்லா மதத்து இளைஞர்களுக்கும் கீழைநாட்டு இலக்கியமும் ஐரோப்பிய அறிவியலும் கற்பிப்பதை அது நோக்கமாக அறிவித்தது. 1827-ல் டேனிஷ் மன்னர் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தார். ஏறத்தாழ அதே பாடக்கலவை ஒரு தலைமுறைக்கு முன்பே தரங்கம்பாடியில் இருந்தது. நூறாண்டு மூத்த செமினரியும் இருந்தது. போர்க்காலத்தில் பணமும் ஆளும் இல்லாமல் போனதே இது கல்லூரியாக வளராததற்குக் காரணம் என்று கொள்ளலாம்.

தாமஸ் மன்றோவின் ஆணைப்படி 1820களில் சென்னை மாகாணத்தில் எடுக்கப்பட்ட கல்விக் கணக்கெடுப்பில் தஞ்சை மாவட்டத்தில் 884 பள்ளிகளும் 109 உயர்கல்வி நிலையங்களும் பதிவாயின. டேனிஷ் ஊரான தரங்கம்பாடி பிரிட்டிஷ் மாவட்டத்துக்கு வெளியே இருந்தது.

பிற்காலம்

1845-ல் தரங்கம்பாடியும் ஸெராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குப் பிரிட்டிஷாருக்கு விற்கப்பட்டன. மிஷன் சொத்துகள் 1847-ல் லைப்சிக் மிஷனுக்குச் சென்றன. துறைமுகத்தின் வணிகம் நாகப்பட்டினத்துக்கு நகர்ந்தது. ஊரில் முன்சீப் கோர்ட் எஞ்சியது. நீதிநூல், பெண்மதிமாலை ஆகியவற்றை எழுதிய வேதநாயகம் பிள்ளை அங்கே முன்சீபாக இருந்தார். அவர் பெண்கல்விக்காக வாதிட்டவர்.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அமைந்ததும் மெட்ரிகுலேஷன் தேர்வே பாடத்திட்டத்தை முடிவு செய்தது. ஓர் ஊரின் ஆசிரியர் தன் ஊருக்கேற்ப நேரத்தைப் பிரிக்கும் உரிமை போனது. காவிரிப் படுகையின் உயர்கல்வி மையமாகக் கும்பகோணம் கல்லூரி எழுந்தது. அங்கே ஆங்கிலமே பயிற்றுமொழி. தமிழ் ‘தமிழ்ப் பண்டிதர்’ வந்து நடத்தும் வகுப்பாக ஒதுங்கியது. 1880-ல் அந்த இடத்துக்கு வந்தவர் உ.வே. சாமிநாதையர்.

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-ல் உருவானது. அதன் முதல் இந்தியப் பேராயர் ராஜா பூஷணம் மாணிக்கம் (1897-1969). அவர் பெயரிலான கலை அறிவியல் கல்லூரி, காகித ஆலை முயன்று பார்க்கப்பட்ட பொறையாறில் நடந்துவருகிறது. சீகன்பால்க் காலம் முதல் தரங்கம்பாடியிலிருந்து அனுப்பப்பட்ட கடிதங்களும் பள்ளி அறிக்கைகளும் தமிழ் ஓலைச்சுவடிகளும் ஹாலேயில் ஃபிராங்கே நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன.